சுகர் இல்லை, சரி, அப்புறம்?

அன்புள்ள முருகேசா,

கடிதம் வந்தது. பேத்தி காதுகுத்துக்கு நான் வராததைச் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறாய். தைக்கு அங்கே வந்து வட்டியோடு சாப்பிட்டுத் தீர்க்கிறேன். இங்கே திருநெல்வேலியில் மழை இன்னும் விட்டபாடில்லை. வீட்டுக்காரிக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

கடைசியில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருக்கிறாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓயாத தாகம், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறது, சுகர் வெறும் வயிற்றில் 98, "வயசாச்சுடா" என்று முடித்துவிட்டாய். ஆயுசெல்லாம் லேபில் யூரின் டப்பாக்களோடு குடித்தனம் நடத்தியவனிடம் இப்படி எழுதினால் விடுவேனா?

ரத்தத்தில் சுகர் ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால்தான் யூரினில் வழியும். அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். 98-ல் அந்தக் கதை நடக்காது. மூணு மாசச் சுகர் சராசரியையும் (HbA1c) ஒரு தடவை பார்த்துவிடு. அதுவும் சரியாக இருந்தால் சுகரை விட்டுவிட்டு வேறு பக்கம் தேடணும். சுகரே இல்லாமல் யூரின் தண்ணீராகக் கொட்டுகிற கோளாறு ஒன்று இருக்கிறது, டயபெட்டிஸ் இன்சிபிடஸ் என்பார்கள்.

முதலில் அளந்து பார். நம் வயசில் புராஸ்டேட் தொந்தரவு என்றால் அடிக்கடி போவோம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். மொத்தம் ஒன்றரை, இரண்டு லிட்டருக்குள் நின்றுவிடும். ஒரு ஐந்து லிட்டர் கேன் எடுத்துக்கொள். காலையில் எழுந்ததும் போவதைக் கேனில் சேர்க்காதே. அதற்கப்புறம் மறுநாள் காலை முதல் தடவை போவதையும் சேர்த்து எல்லாவற்றையும் கேனில் பிடி. குடித்ததையும் ஒரு தாளில் குறி. மூணு லிட்டரைத் தாண்டினால் உண்மையிலேயே அதிகம்தான்.

அக்கா மகனை உனக்கு ஞாபகம் இருக்கும். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவன், ஐஸ் தண்ணீர்தான் வேணும் என்று நடுராத்திரியில் ஃபிரிட்ஜைத் திறந்து நின்றான். அவன் கேன் சாயங்காலத்துக்குள்ளேயே நிரம்பிவிட்டது, இன்னொன்று வாங்கி வந்தோம். பார்க்கப் பச்சைத் தண்ணீர்தான். அடர்த்தி 1.002, சும்மா தண்ணீருக்கே 1.000. சுகர்காரனுக்கும் நிறையப் போகும், ஆனால் சர்க்கரை கலந்திருப்பதால் அடர்த்தி ஏறியிருக்கும். அந்த ஒரு நம்பரிலேயே பாதி விஷயம் தெரிந்துபோகும்.

மீதிப் பாதி, தாகம் முதலில் வந்ததா, மூத்திரம் முதலில் போனதா என்பது. ரத்தத்தில் சோடியம் மேல் வரம்பை ஒட்டி இருந்தால் உடம்பு தண்ணீரை இழக்கிறது, அதைப் பிடிக்கத்தான் குடிக்கிறான். கீழ் வரம்பை ஒட்டி இருந்தால் முதலில் குடித்தது அதிகம். வீம்புக்குக் குடிக்கிறவனைத் தாகம் பெரும்பாலும் நடுத்தூக்கத்தில் எழுப்பாது. கூடவே கால்சியம், பொட்டாசியம், கிரியாட்டினினும் பார்க்கச் சொல். கால்சியம் ஏறினாலும் பொட்டாசியம் இறங்கினாலும் சிறுநீரகத்தால் யூரினைக் கெட்டியாக்க முடியாது.

பையனுக்கு ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து தண்ணீரை நிறுத்திச் சோதித்தார்கள். மணிக்கொரு தடவை எடை பார்த்தார்கள், யூரின் எடுத்தார்கள். எடை மூணு சதவீதம் குறைந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள். உதடு வெடித்து, "மாமா, ஒரு மடக்கு" என்று அவன் கெஞ்சினதைப் பார்க்க முடியவில்லை. யூரின் மட்டும் கெட்டியாகவே இல்லை. யூரினைக் கெட்டியாக்கச் சொல்கிற ஹார்மோனுக்குப் பதிலாகக் கொடுக்கிற டெஸ்மோபிரசின் ஊசி போட்டதும் கெட்டியாகிவிட்டது. ஆக சிறுநீரகம் நன்றாகத்தான் இருக்கிறது, மூளையிலிருந்து வரவேண்டிய அந்த ஹார்மோன், வாசோபிரசின்தான் வரவில்லை. இப்போது அதே மருந்தை மாத்திரையாகப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்குகிறான். ஊசிக்கும் மசியவில்லை என்றால் கோளாறு சிறுநீரகத்தில். 2018-ல் வந்த ஒரு ஆராய்ச்சிக்கு அப்புறம், செறிவான உப்புநீர் ஏற்றி, வாசோபிரசினோடு சேர்ந்தே வருகிற கோபெப்டினை ரத்தத்தில் அளந்து பார்க்கிற வழியும் வந்திருக்கிறது. தண்ணீரை நிறுத்திப் பார்ப்பதைவிடத் துல்லியம்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் நீயாகத் தண்ணீரை நிறுத்திப் பார்த்துவிடாதே. "குறைச்சுக் குடி" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் பேச்சையும் கேட்காதே. உண்மையிலேயே இந்தக் கோளாறாக இருந்தால் சோடியம் கிடுகிடுவென ஏறி ஆளையே சாய்த்துவிடும்.

இன்னொன்று, நமக்குள்ளேயே கேட்கிறேன். அந்தக் கஷ்ட காலத்தில் மனசுக்கு என்று ஆரம்பித்த லித்தியம் இன்னும் ஓடுகிறதா? ரொம்ப வருஷம் சாப்பிட்டால் சிறுநீரகம் அந்த ஹார்மோனின் பேச்சைக் கேட்காமல் போவது அடிக்கடி நடக்கிறதுதான். சுகர் பார்த்த டாக்டரிடம் நீ அதைச் சொல்லியிருக்க மாட்டாய், உன்னைத் தெரியாதா எனக்கு. நீயாக நிறுத்திவிடாதே, அது இதைவிட ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போ. லித்தியம் அளவு, சோடியம், கிரியாட்டினின் மூணையும் பார்க்கச் சொல். பிரஷருக்கு நீர் மாத்திரை ஏதாவது எடுத்தால் அந்தச் சீட்டையும் கொண்டுபோ.

கேன் அளந்த தாளை வாட்ஸப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவில்லை என்றால் தங்கச்சிக்கே போன் போட்டுவிடுவேன்.

உன்,
ராமு