குட்டை கூப்பிட்டான்

மாப்ளே,

இங்கே எல்லோரும் சுகம். எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டப்போகிறாய். படித்துவிட்டுத் திட்டு.

போன வாரம் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண்ணின் அப்பா பெயரைப் பார்த்தால் யாரென்றே பிடிபடவில்லை. வீட்டுக்காரி வழிச் சொந்தமாக இருக்கும் என்று டிவி பக்கத்தில் போட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து போன். "டேய், குட்டை பேசுறேன். பத்திரிகை வந்துச்சா?"

ஆறாம் வகுப்பில் நாம் வைத்த பெயர். பன்னிரண்டாவது முடிக்கும்போது ஆள் ஆறடி. அப்படியும் குட்டைதான்.

ஓய்வு பெற்றதிலிருந்து உப்பளப் பக்கம் பறவை பார்க்கப் போகிறேன் அல்லவா, அந்தக் கிறுக்கு முற்றி இப்போது கடல் பறவைகளின் லத்தீன் பெயர்களில் வந்து நிற்கிறது. அதனால் குட்டை போனை வைத்ததும் எனக்கு ஃப்ரெகட்டா மைனர் ஞாபகம் வந்தது. மைனர் என்றால் லத்தீனில் சிறியது. அந்தப் பறவையோ இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். இங்கிலீஷில் அதன் பெயரே 'பெரிய' ஃப்ரிகேட் பறவை! 1789இல் க்மெலின் என்ற ஜெர்மன் இயற்கை அறிஞர் பெயர் வைத்தபோது அதைக் கூழைக்கடா கூட்டத்தில் சேர்த்து, பெலிக்கானஸ் மைனர் என்றார். கூழைக்கடா பக்கத்தில் நிறுத்தினால் சின்னதுதான். அப்புறம் கூட்டத்தை மாற்றினார்கள், மைனரை மாற்றவில்லை. முறைப்படி முதலில் வைத்த பெயரே செல்லும், பொருந்தவில்லை என்பதற்காக நீக்க முடியாது என்பது சட்டம். ஆண் பறவை கழுத்துப் பையைச் சிவப்பு பலூன் மாதிரி ஊதிப் பெண்ணை மயக்குகிறது, அதைப் பார்த்தால் நம் ஊர் 'மைனர்' சரியாகத்தான் இருக்கிறது.

உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். நீர்க்காகத்துக்கு ஃபாலக்ரோகோராக்ஸ். கிரேக்கத்தில் 'வழுக்கைக் காக்கை'. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார். அதன் இங்கிலீஷ் பெயரான கார்மோரன்ட் என்ற சொல்லும் 'கடல் காக்கை' என்ற லத்தீனிலிருந்து வந்ததுதான். நம் ஆட்களும் அதையே காகம் என்றார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

மனதை உறுத்துவது வேறொன்று. ஆலா வகையில் பழுப்பாக ஒரு பறவை, ஆனௌஸ் ஸ்டோலிடஸ். ஆனௌஸ் என்றால் கிரேக்கத்தில் அறிவில்லாதது, ஸ்டோலிடஸ் என்றால் லத்தீனில் மந்தம். இரண்டு மொழியில் திட்டு! செய்த குற்றம், மனிதனைக் கண்டு ஓடாதது. ஆளில்லாத தீவில் குஞ்சு பொரித்த பறவைக்குப் பயம் எப்படித் தெரியும்? மாலுமிகள் கையால் பிடித்துத் தின்றார்கள். தின்றவன் புத்திசாலி, நம்பியது முட்டாளாம்.

நாம் பெயர் வைத்த அந்த முதல் நாள், குட்டை மத்தியானம் வகுப்புக்கு வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. போனில் அதைக் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பந்தி சைவமா அசைவமா என்று கேட்டேன்.

முட்டி வலி எப்படி இருக்கிறது? அந்தத் தைலத்தை விட்டுவிட்டு டாக்டரைப் பார்.

கல்யாணம் தை 20. உனக்கும் பத்திரிகை அனுப்பியிருக்கிறானாம், நீ ஒன்றுமே சொல்லவில்லை என்றான். பழைய பேப்பர் கட்டில் தேடு.

அன்புடன்,
மொட்டை