மலை ஓட்டம் நடத்துபவர்களுக்கு, கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தவன் எழுதுவது

மலை ஓட்டப் போட்டிகளை நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு நீலகிரியில் 30 கிலோமீட்டர் ட்ரெயில் ரன் ஒன்றில் ஓடினேன். எந்தப் போட்டி, யார் நடத்தியது என்று இங்கே எழுதப் போவதில்லை. அங்கே நான் பட்டதை வேறு மலைகளில் பட்ட நண்பர்களும் இருக்கிறார்கள், அதனால் இது உங்கள் எல்லோருக்கும்தான்.

முதலில் என் பக்கத்துக் குறை. நான் சென்னைக்காரன், எங்களுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம். அதில் இருபது முறை ஏறி இறங்கிவிட்டு மலைக்குத் தயார் என்று நினைத்துக்கொண்டேன். ஏற்றம்கூடப் பரவாயில்லை. மூச்சு வாங்கினால் நடந்துவிடலாம். முன்னால் ஓடுகிறவர்களே செங்குத்தான இடங்களில் தொடையில் கையை ஊன்றி நடக்கத்தான் செய்கிறார்கள். ஆளைச் சாய்த்தது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பழகாத தசை அதில் சீக்கிரம் நைந்துபோகும். 15-வது கிலோமீட்டருக்கு மேல் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தத் தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை.

அதற்கு முன்பு, தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு காட்டெருமை பாதையை மறித்து நின்றதும் உங்கள் பொறுப்பில்லை. பத்து நிமிடம் எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தோம். அது அதன் இடம்.

ஆனால் 19-வது கிலோமீட்டரில் தோட்டம் முடிந்து தைல மரக்காடு தொடங்கும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வழி காட்டக் கட்டும் ரிப்பன் இல்லை. ஆடு தின்றதோ, காற்று பிடுங்கியதோ. கால் எப்போதும் இறக்கத்தைத்தானே தேடும்? கீழே போனேன். அரை கிலோமீட்டர் போனதும், கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு அம்மா, "எல்லாரும் மேலதான் போனாங்க தம்பி" என்று திருப்பி அனுப்பினார். வாட்சில் வரைபடத்தை ஏற்றிக்கொண்டு வராததும் என் தவறுதான், சரி. ஆனால் பிரியும் இடத்தில் ஓர் ஆள் நின்றிருக்கலாம். ஆள் இல்லையென்றால், தவறான பாதையின் குறுக்கே சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடாவது போட்டிருக்கலாம்.

மேலே ஏறி, தண்ணீரும் பழமும் கொடுக்கும் அடுத்த எய்டு ஸ்டேஷனுக்குப் போனால் காலி டிரம்மும் வாழைப்பழத் தோலும் இருந்தன. ஆள் கிளம்பிவிட்டார்கள். கட்-ஆஃப் நேரம், அதாவது போட்டிக்கு வைத்த கெடு, முடிந்துவிட்டதாம். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது, தூறல் வேறு. ஒருவழியாக முடித்தபோது காற்றடைத்த வளைவிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கழுத்தில் மெடலை மாட்டிவிட்டான். சட்டையில் குத்தியிருந்த பிப் எண்ணை யாரும் குறிக்கவில்லை. "பின்னால் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்" என்றேன். "அப்படியா?" என்றார்கள்.

அந்த "அப்படியா"வுக்காகத்தான் இந்த மடல்.

மலையில் எத்தனை பேர் மிச்சம் என்று நடத்துபவருக்குத் தெரியவில்லை. கட்-ஆஃப் ஓடுகிறவரைப் போட்டியிலிருந்து நீக்கும், மலையிலிருந்து நீக்காது. அவர் அங்கேதான் நனைந்த பனியனோடு நொண்டிக்கொண்டிருப்பார்.

அந்த நேரக் கணக்கையும் பாருங்கள். 30 கிலோமீட்டர், 1,500 மீட்டர் ஏற்றம், கட்-ஆஃப் ஆறு மணி நேரம். மலை நடைக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன பழைய கணக்கு ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி இந்தப் பாதைக்கு எட்டரை மணி நேரம் ஆகும். நடப்பவருக்கான கணக்குதான், போட்டிக்குக் குறைக்கலாம். ஆனால் ஆறு என்பது சமதளத்து 30 கிலோமீட்டருக்குத் தாராளமாகக் கொடுக்கும் நேரம்; ஏற்றத்தை யாரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நேரத்தைக் கூட்ட முடியாதென்றால் நடுவிலேயே கட்-ஆஃப் வையுங்கள், அதுவும் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகக்கூடிய இடத்தில் வையுங்கள்.

இதெல்லாம் மிகையாகத் தோன்றினால் 2021 மே 22-ஐ நினைத்துப் பாருங்கள். சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். கிளம்பியவர்கள் 172 பேர், இறந்தவர்கள் 21 பேர். இரண்டாவது, மூன்றாவது சோதனை நிலையங்களுக்கு நடுவே ஆயிரம் மீட்டர் செங்குத்து ஏற்றம், வண்டி போக வழியில்லை. அங்கே வைத்துப் பலத்த காற்றும் ஆலங்கட்டியும் குளிர் மழையும் பிடித்துக்கொண்டன. பலர் அரைக்கால் சட்டையிலும் டி-ஷர்ட்டிலும் இருந்தார்கள், காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆடு மேய்க்கும் ஒருவர் தன் குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுபோய்த் தீமூட்டிக் காப்பாற்றினார். நாட்டின் மிகச் சிறந்த மலை ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் அதில் இறந்தார். என்னைப் போன்ற மேம்பாலக்காரர் இல்லை அவர்.

நம் மலைகள் அவ்வளவு குளிராது என்பீர்கள். உறைபனி வேண்டியதில்லை. நனைந்த உடம்பு, மேட்டில் காற்று, பத்து டிகிரி, அப்புறம் கால் பிசகி ஓட முடியாமல் உட்கார்ந்துவிட்டால் போதும். ஓடும்வரை உடம்பே அடுப்பு. நின்றால் அடுப்பு அணைந்துவிடும்.

ஆல்ப்ஸில் மோன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி என்ற போட்டியில் தொப்பி வைத்த மழை ஜாக்கெட், தலை விளக்கு, விசில், உடல்சூட்டைக் காக்கும் மெல்லிய போர்வை எல்லாம் கட்டாயம். நம் போட்டிகளிலும் ஜாக்கெட்டையும் விசிலையுமாவது பிப் கொடுக்கும் மேசையிலேயே பையைத் திறந்து பாருங்கள், இல்லாதவரை அனுப்பாதீர்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கூடுதல் செலவு என்றால் மெடலின் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் இருப்பது கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் உதவுகிறது.

அப்புறம் எண்ணுங்கள். கிளம்பும்போது எத்தனை பேர், ஒவ்வொரு நிலையத்தையும் தாண்டியது யார் யார், பாதியில் விலகியது யார். ஒரு நோட்டும் பேனாவும் போதும். செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஒரு வாக்கிடாக்கி. கடைசி ஆளுக்குப் பின்னால் ரிப்பன்களைக் கழற்றிக்கொண்டே இரண்டு பேர் நடந்து வரட்டும். அவர்கள் தாண்டிய பிறகுதான் நிலையத்தை மூட வேண்டும்.

அன்று எனக்குப் பின்னால் வந்த இருவரும் நாற்பது நிமிடம் கழித்து ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு 58 வயது, முழங்கால் வீங்கியிருந்தது. இன்னொருவர், தன் நேரத்தை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்த ஒரு கல்லூரிப் பெண். அதற்குள் மெடல் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். என்னுடையதை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப் போனேன், "வேணாம் அங்கிள், டீ இருக்கா?" என்றாள். டீயும் தீர்ந்திருந்தது.

இந்த ஆண்டு போட்டிக்கு நான் பதிவு செய்யவில்லை. ஆனால் கடைசி ஆளோடு நடந்து வர உங்களில் யாருக்காவது ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள். ஜாக்கெட், விசில், தலை விளக்கு என்னிடம் இருக்கின்றன. ஃபிளாஸ்க்கில் டீயும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மேம்பாலத்தில் பயிற்சி எடுக்கும் ஓட்டக்காரன்