வாசலிலேயே நிறுத்து

அன்புக் கண்ணு,

புது வீட்டில் சாமான் எல்லாம் அடுக்கியாயிற்று, இனிமேல் பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி மறந்து போகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். கடைக்குப் போகிறவர் கையில்தான் இதில் பாதி இருக்கிறது.

முதலில் ஒன்று. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கண்ணாடி பாட்டில் வாங்கி வரிசையாக அடுக்காதே. தூக்கிப் போட்டால் அது இன்றைக்கே குப்பை. உழைக்கிற வரைக்கும் உழைக்கட்டும். ஆனால் சூடான சாதம், குழம்பு, எண்ணெய், ஊறுகாய் எதையும் அதில் வைக்காதே. கீறல் விழுந்து வெளுத்துப் போனதைச் சமையலறையிலிருந்து எடுத்து, துணி கிளிப், நூல், ஆணி போட்டு வைத்துக்கொள்.

அடுத்து, ஒரு வாரம் உலர்ந்த குப்பையைத் தனியாக ஒரு சாக்கில் போட்டு வா. ஞாயிற்றுக்கிழமை அதைத் தரையில் கொட்டி இனம் பிரி. வேலைக்குப் போகிற இரண்டு பேர் வீட்டில் பெரும்பாலும் நாலு குவியல்தான் வரும்: ஓட்டல் பார்சல், பால் பாக்கெட், மளிகைக் கவர், காய்கறிப் பை. எந்தக் குவியல் பெரிதோ அதில் கை வை. மூங்கில் பிரஷ்ஷும் உலோக ஸ்ட்ராவும் வாங்குவதில் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டும் உன் குப்பையில் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. பிளாஸ்டிக்கை வாசலிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே வந்துவிட்ட பிறகு அதை என்ன செய்வது என்று யோசிப்பதெல்லாம் இரண்டாவது வேலை.

உங்கள் வீட்டில் பார்சல் குவியல்தான் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து எண்ணிப் பார்: சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, கூட்டு, மோர், ஊறுகாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஒரு பை. கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றிக் கட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழக்கம். சூடும் எண்ணெயும் புளிப்பும் சேரும்போது பிளாஸ்டிக்கில் இருப்பது உணவில் இறங்குவது கூடும்.

இதற்கு நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியர் போதும். எடுத்துப் போவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலை நெரிசல் நேரத்துக்கு முன்னாலேயே பல ஓட்டல்களில் சட்னி, சாம்பாரைக் கவரில் கட்டிக் குவித்து வைத்துவிடுவார்கள். நீ பில் போட்டு டோக்கன் கொடுத்த பிறகு பாத்திரத்தை நீட்டினால், கட்டி வைத்த கவரையே பிரித்து உன் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள். கவர் குப்பைக்குப் போய்விடும், உன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஆகவே பில் போடும்போதே "பாத்திரம் கொண்டு வந்திருக்கேன், கவர் வேண்டாம்" என்று சொல்லிவிடு. சாம்பாருக்கு அடி அடுக்கு, சட்னிக்குத் திருகுமூடி போட்ட சின்ன டப்பா. எந்த அடுக்கையும் கழுத்துவரை நிரப்ப விடாதே, ஒரு விரல் அளவு இடம் இருக்கட்டும். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடினால், ஆறும்போது உள்ளே இருக்கிற ஆவி தண்ணீராகி மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்போது கரண்டியால் நெம்பாதே, மூடி வளைந்துவிடும். வெந்நீரில் ஐந்து நிமிடம் நிற்க வைத்தால் தானே விட்டுவிடும்.

கறிக்கடைக்கும் மீன் கடைக்கும் இதே கதைதான். மூடி போட்ட தூக்குவாளியை நீட்டி, "முதல்ல வெறும் வாளியை வெச்சு சைபர் பண்ணிடுங்க" என்று சொல். இல்லையென்றால் வாளியின் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பாய். வெட்டிய கோழி ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் வாளி தாராளம்.

டீக்கடைப் பேப்பர் கப்பைக் காகிதம் என்று நம்பாதே. வெறும் காகிதத்தில் டீ நிற்குமா? உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கரக்பூர் ஐஐடியில் 2020-இல் சோதித்துப் பார்த்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவம் 15 நிமிடம் அந்தக் கப்பில் இருந்தால் ஏறக்குறைய 25,000 நுண்துகள்கள் அதில் இறங்குகின்றன என்று கண்டார்கள். கண்ணாடி டம்ளர் வைத்திருக்கிற கடையாகப் பார்த்துக் குடியுங்கள். ஆபீசில் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் மேசையிலேயே இருக்கட்டும்.

பேப்பர் கப்பைப் போலவே ஏமாற்றுகிற இன்னொன்று, துணிக்கடையில் கொடுக்கிற துணி மாதிரிப் பை. அதைத் துணி என்று நினைத்து நீ சேர்த்து வைத்திருப்பாய். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். குறுக்கும் நெடுக்கும் நூல் ஓடாது, புள்ளிப் புள்ளியாகச் சூட்டில் அழுத்திய அச்சு தெரியும். அது பாலிப்ரொப்பிலீன் இழை, பிளாஸ்டிக்கேதான். வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும், உதிர்ந்ததைப் பொறுக்க முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகைப் பொருள்களில் இந்தப் பையும் இருந்தது, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருந்தது. "மக்கும் பை" என்று பச்சை எழுத்தில் போட்டுத் தருவதையும் யோசித்து வாங்கு. உரமாக மாறுகிற வகைக்குக்கூடத் தொழிற்கூடத்து உரக் குவியலில் எழும் 58 டிகிரி சூடு போல வேண்டும். வீட்டு மண்தொட்டியில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பை என்றால் மஞ்சப்பைதான். 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் பை தருகிற இயந்திரமும் வைத்தார்கள். ஆனால் போகிற இடமெல்லாம் பை வாங்கிச் சேர்க்காதே. பருத்தி விளைய நிறையத் தண்ணீர் வேண்டும். ஒரு பையை நூறு தடவைக்கு மேல் எடுத்துப் போனால்தான் அதற்கு அர்த்தம். ஆறு பை போதும். எத்தனை பை இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். வண்டி சீட்டுக்கு அடியில் இரண்டு, ஆளுக்கு ஒன்று ஆபீஸ் பையில், மீதி இரண்டு வாசல் ஆணியில். அலமாரிக்குள் மடித்து வைத்த பை கடைக்கு வராது.

இப்போது பால். தினம் ஒரு லிட்டர் என்றால் அரை லிட்டர் பாக்கெட் மாதத்துக்கு 60. ஒரு லிட்டர் பாக்கெட்டாகக் கிடைத்தால் அதையே வாங்கு. ஒரே பாலுக்கு இரண்டு சின்ன உறையைவிட ஒரு பெரிய உறைக்குப் பிளாஸ்டிக் குறைவு. வெட்டும்போது மூலையை முழுசாக வெட்டி எறியாதே. கத்தரியை முக்கால்வாசியில் நிறுத்து, அந்தத் துண்டு பாக்கெட்டோடு தொங்கிக்கொண்டிருக்கட்டும். நகக்கண் அளவு துண்டுதானே என்று தோன்றும். அது சிங்க் வழியாகச் சாக்கடைக்குப் போய்விட்டால் யாராலும் எடுக்க முடியாது. பாலை ஊற்றியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதைச் செடிக்கு ஊற்று. பிறகு பக்கவாட்டில் நெடுகப் பிளந்து, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் ஒரு முறை காட்டி, கிளிப் மாட்டிக் காயவிடு. பிளக்காமல் போட்டால் உள்ளே இருக்கிற கொழுப்பு புளித்து நாறும், கரப்பான் வரும், இரண்டே நாளில் "இதெல்லாம் வேண்டாத வேலை" என்று விட்டுவிடுவீர்கள். நன்றாகக் காய்ந்த பால் கவர் ஒரே வகைப் பிளாஸ்டிக் என்பதால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். சிப்ஸ் பாக்கெட்டை எடுக்க மாட்டார்கள். அதில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், பிரிக்க முடியாது. அதை வாங்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

மளிகைக்கு, சில்லறையாக அளந்து கொடுக்கிற கடை ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள். பருப்பு, அரிசிக்குப் பழைய வேட்டியில் தைத்த பை சரியாக இருக்கும். ரவை, மாவுக்கு அது ஆகாது, இழை வழியாகச் சிந்தும். அதற்கு டப்பாவையே எடுத்துப் போ. கவர் இல்லாத மளிகையில் வருகிற தொந்தரவு வண்டுதான். ரவையை வாங்கிய அன்றே வெறும் வாணலியில் வறுத்து ஆறவிட்டுக் கொட்டு. துவரம்பருப்பில் நாலு காய்ந்த மிளகாய் போட்டு வை.

எண்ணெயை மரச்செக்கில் வாங்குவதாக இருந்தால் எவர்சில்வர் கேன் எடுத்துப் போ. கிலோ விலையா லிட்டர் விலையா என்று முதலில் கேள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ கேட்டுவிட்டு ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டினால் வழிந்துவிடும். கேனில் சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது, கழுவிய அன்றே எடுத்துப் போகாதே. பழைய எண்ணெய் அடியில் கிடக்கும்போதே புதிதை ஊற்றாதே, சிக்கு வாடை தொற்றிக்கொள்ளும்.

உப்பையும் புளியையும் மட்டும் எவர்சில்வரில் போடாதே. உப்பின் ஈரம் பட்டுப் பட்டு எவர்சில்வரிலும் குழி குழியாக அரித்துவிடும். இரண்டும் பீங்கான் ஜாடியில் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் கவர் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜில் காய் வதங்குகிறது என்று சொன்னாய். வதங்கத்தான் செய்யும். குளிரும் குழாயில் ஈரம் படிந்துவிடுவதால் ஃபிரிட்ஜுக்குள் காற்று வறண்டிருக்கும், காயில் இருக்கிற தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். கவர் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்தது. இனிமேல் அந்த வேலையைத் துணி செய்ய வேண்டும். எந்தக் காய்க்கு ஈரத் துணி, எதற்கு உலர்ந்த துணி என்பது தெரிந்தால் போதும். கீரையை நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி வைத்து இரண்டு நாளில் சமைத்துவிடு. கொத்தமல்லியைக் கழுவாமல், அழுகல் இலையை மட்டும் கிள்ளிவிட்டு, எவர்சில்வர் டப்பாவின் அடியில் உலர்ந்த துணி விரித்து வைத்து மூடு. துணி ஈரமானால் மாற்று. ஒரு வாரம் கெடாது. கறிவேப்பிலையை உருவி நிழலில் ஈரம் போக உலர்த்திக் கண்ணாடி பாட்டிலில் போடு. வெண்டைக்காய், பீன்ஸுக்கு ஈரத் துணி ஆகவே ஆகாது, கொழகொழத்துவிடும். அவற்றுக்கு உலர்ந்த துணிப்பை. கேரட், முள்ளங்கி வாங்கி வந்ததும் தழையை நறுக்கிவிடு. விட்டு வைத்தால் கிழங்கின் தண்ணீரைத் தழையே குடித்துவிடும். தக்காளி வெளியில் கூடையிலேயே இருக்கட்டும்.

பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் தேயத் தேயப் பிளாஸ்டிக் தூள்தான் உதிர்கிறது. முற்றிய பீர்க்கங்காய் நாரை வாங்கி உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பத்து நிமிடம் ஊறவைத்துப் பயன்படுத்து. சோப்புத் தண்ணீரிலேயே கிடந்தால் வாரத்தில் அழுகும், தொங்கவிட்டால் உழைக்கும். ஷாம்பு சாஷேவும் சிப்ஸ் கவர் ஜாதிதான், சீயக்காய் முடியாத நாளுக்குப் பெரிய பாட்டிலே மேல். பூ வாங்கும்போது கவர் வேண்டாம், இலையில் கட்டித் தரச் சொல். கவரில் வேர்த்துக் கருகும் மல்லி, வாழை இலையில் குளிர்ச்சியாக இருக்கும்.

இது உனக்கான விஷயம். மாதவிலக்கு நாப்கினில் அடித்தாள், மேல்வலை, உறிஞ்சும் ஜெல் எல்லாமே பெரும்பாலும் பிளாஸ்டிக். சிலிக்கான் கப் பழகினால் நல்லது. பழக இரண்டு மூன்று மாதம் ஆகும், முதல் மாதம் கசிந்தால் சோர்ந்து விட்டுவிடாதே. உள்ளே மடங்கியே இருந்தால் கசியும். விரலால் சுற்றிப் பார்த்து விரிந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழுவு, 12 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஒவ்வொரு மாதமும் முடிந்ததும் ஐந்து நிமிடம் கொதிக்க வை. பிடிக்கவில்லையா, துணி நாப்கின் இருக்கிறது. குளிர்ந்த நீரில் ஊறவைத்து அலசிய பிறகு சோப்புப் போடு. வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். மறைவில் போடாமல் நல்ல வெயிலில் காயவை.

கடைசியாகக் குப்பைக் கூடைக்குப் போடுகிற கறுப்புக் கவர். ஈரக் குப்பை உள்ளே விழுவதால்தான் அந்தக் கவரே தேவைப்படுகிறது. ஈரத்தைப் பிரித்துவிட்டால் கூடைக்குச் செய்தித்தாள் போதும். பால்கனியில் ஓட்டை போட்ட மண்தொட்டி மூன்று வை. காய்த்தோல், டீத்தூள் ஒரு பங்கு போட்டால் அதன் மேல் காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ இரண்டு பங்கு போடு. முதல் தடவை மட்டும் புளித்த மோர் ஒரு டம்ளர் தெளி. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், கிளறிவிட்டு நார்த்தூள் சேர். புழு வந்தால் மேல்மூடாக்கு போதவில்லை. எண்ணெய்க் குழம்பும் கறி எலும்பும் இதில் போடாதே. ஒரு தொட்டி நிறைந்தால் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கு. மூன்றாவது நிறையும்போது முதல் தொட்டியில் உரம் தயாராக இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யப் பார்க்காதே. முதல் மாதம் பையும் கேரியரும். அது கை பழகிய பிறகு பால் கவரும் மண்தொட்டியும். மளிகையை மூன்றாவதாக வைத்துக்கொள். அதற்குள் கடைக்காரரும் உங்கள் முகத்துக்குப் பழகியிருப்பார்.

பார்சல் சர்வீஸில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். நாலு அடுக்கு கேரியர், இரண்டு லிட்டர் தூக்குவாளி, வேட்டியில் தைத்த சின்னப் பை எட்டு, பீங்கான் ஜாடி இரண்டு. உடையாமல் இருக்க ஜாடிக்குள் பீர்க்கங்காய் நாரைத் திணித்திருக்கிறேன், அதை எடுத்துத் தனியே வை. ஜாடியைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகு உப்பைக் கொட்டு. எடுக்க மரக்கரண்டி போடு.

அன்புடன்,
அம்மா