பிசியோ வராத நாட்களின் கணக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கும், அப்பா வளைகுடாவிலோ ஆழ்கடல் தொழிலிலோ இருப்பதால் பிள்ளைகளைப் பொறுப்பேற்றிருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பிசியோதெரபியும் சிறப்புப் பயிற்சியும் குறைந்துவிட்டதைப் பற்றி, போன வாரம் நம் பள்ளி வாசலில் சில தாய்மார்கள் மனுவும் கையுமாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் கையெழுத்துப் போட்டீர்கள். மீதிப் பேர் ‘நமக்கெதுக்கு’ என்று நகர்ந்துவிட்டீர்கள். ஒருவர் என் அறைக்கே வந்து, “ஸ்கூல் வாசல்ல இதெல்லாம் வேணுமா சார்?” என்று கேட்டார். மணி அடித்துவிட்டதால் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு விட்டதை இன்று எழுதுகிறேன்.

நம் பள்ளியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் ஒன்பது பேர். இன்னொரு பிள்ளைக்குப் பெயர் நம் பதிவேட்டில், பாடம் வீட்டில். இவர்களுக்காகச் சிறப்புப் பயிற்றுநர் வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தார். பிசியோதெரபி மேடம் வெள்ளிக்கிழமைதோறும் வருவார். இந்தக் கல்வியாண்டில் பயிற்றுநர் ஒரு நாளாகக் குறைந்தார். பிசியோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றார்கள், அப்புறம் மாதம் ஒருமுறை என்றார்கள். பிள்ளைகளுக்கான பயணப்படி இன்னும் வந்து சேரவில்லை. காரணம் கேட்டால் ஒரு நாள் ‘ஆள் இல்லை’, இன்னொரு நாள் ‘ஃபண்ட் இல்லை’. எல்லாம் ஃபோனில்தான். துண்டுக் காகிதம்கூட வந்ததில்லை.

வருகிறவர்கள் மேல் யாரும் கோபப்பட வேண்டாம். தொகுப்பூதியத்தில், ஒரே ஸ்கூட்டரில், மழையென்றும் பாராமல் பள்ளி பள்ளியாக ஓடுகிறவர்கள் அவர்கள்.

குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் நம் ஓட்டு வராந்தாவுக்கு வந்து பாருங்கள். நான்காம் வகுப்பில் ஒரு பையன், மூளை முடக்குவாதம். அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கெண்டைக்கால் தசை இறுகிக் குதிகால் தரையில் படாது. மேடம் அவனைப் பாயில் படுக்கவைத்து, முழங்காலை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, மறு கையால் பாதத்தை மெதுவாக மேல்நோக்கி மடக்கி, முப்பது எண்ணும்வரை விடமாட்டார். அவனும் சேர்ந்து எண்ணுவான். இருபதுக்கு மேல் குரல் ஏறும். முடிந்ததும் காலைத் தாங்கும் காலிபர் கருவியை மாட்டி, சுவரைப் பிடிக்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறான் என்று தரையில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். போன பிப்ரவரியில் அந்தக் கோடு நான்காவது தூணைத் தாண்டியிருந்தது. இப்போது இரண்டாவது தூணுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் நிற்கிறது. வளரும் பிள்ளை. எலும்பு நீளும்போது தசையை இழுத்துக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்ட மாதங்களை மார்ச்சில் சேர்த்து வைத்து ஈடுகட்ட முடியாது.

சரி, பணம் எங்கே நின்றது? ஊரறிந்த செய்திதான். சிறப்புப் பயிற்றுநர், பிசியோ, பயணப்படி எல்லாம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருபவை. அதில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மேம்படுத்தும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி, 2024-25ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. இதில் யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் பேசிக்கொள்ளுங்கள், நான் அரசு ஊழியன். ஆனால் நம் பள்ளியில் வெள்ளிக்கிழமை பிசியோ நின்றது இதனால்தானா, வேறு எதனாலாவதா என்று எழுத்தில் சொல்ல இதுவரை யாரும் முன்வரவில்லை.

அந்தப் பையனின் அம்மா முந்திரி ஆலைக்குப் போகிறவர். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அவர் கையில் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது, அட்டையில் முந்திரிப் பால் கறை. பள்ளி திறந்த நாளில் இருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் ஒரு வரி: ‘வந்தார், 25 நிமிடம்.’ ‘வரவில்லை, ஃபோன் எடுக்கவில்லை.’ ‘வரவில்லை, மழை லீவு.’ மழை லீவைத் தனியாகக் குறித்திருக்கிறார் பாருங்கள், அந்த நேர்மைக்காகவே அந்த நோட்டை நம்பலாம். முதல் மனு கொடுக்கப் போனபோது, “சும்மா வரலை வரலைன்னா எப்படிம்மா, எத்தனை நாள் வரலை?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நோட்டை விரித்து வைத்தாராம். அதற்குப் பிறகு அங்கே பேச்சின் தொனியே மாறிவிட்டது என்கிறார் கூடப் போனவர்.

இங்கே என் தவறையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கணக்கு பள்ளியில் இருந்திருக்க வேண்டியது. நாங்கள் வந்த நாளுக்குக் கையெழுத்து வாங்கினோம், வராத நாளைக் குறிக்கவில்லை. எங்கள் பதிவேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தான் தோன்றும். இந்த வாரம் முதல் அலுவலக மேசையில் தனிப் பதிவேடு இருக்கிறது. எந்தப் பெற்றோரும் பார்க்கலாம், நகல் கேட்கலாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது அதன் 31ஆம் பிரிவு. ‘அந்தப் பிள்ளைகளை ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பலாமே’ என்று என்னிடம் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான்: தேர்வு அந்த வீட்டுக்காரர்களுடையது. தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், உயர் தொடக்க நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை, 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, 2022இல் ஒன்றிய அரசு அறிவித்தது. மனுவில் இந்த இரண்டையும் தவறாமல் எழுதுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் ‘ஏன் குறைத்தீர்கள்’ என்று கேட்காதீர்கள். காரணம் சொல்வது எங்கள் வேலை இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘குறைக்கச் சொன்ன உத்தரவின் நகல் வேண்டும்’, ‘எங்கள் வட்டாரத்தில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, இப்போது பணியில் இருப்பவர்கள் எத்தனை’, ‘எங்கள் பள்ளிக்கு வந்த தேதிகள்’ என்று கேளுங்கள். உத்தரவு இருந்தால் கைக்கு வரும். இல்லை என்று பதில் வந்தால் அதுவும் நமக்கு உதவும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. இதைத் தீர்மானமாக நிறைவேற்றும் எண்ணம் உறுப்பினர்களுக்கு இருக்கிறது. ஒன்பது வீட்டின் கையெழுத்தோடு போகும் மனுவுக்கும் பள்ளி முழுவதின் கையெழுத்தோடு போகும் மனுவுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அதனால் மற்றப் பெற்றோர்களும் வந்தால் நல்லது.

திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் இருந்து வேன் கிளம்பும். வாடகையை முன்னாள் மாணவர்கள் ஏற்றிருக்கிறார்கள். வேனில் பதினான்கு இடம், பாதி இன்னும் காலி. போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைச் சாயங்காலம் ஐந்து வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மதியச் சாப்பாடு வழக்கம்போல் உண்டு. அடையாள அட்டையின் நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததும் ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள், அந்த எண்ணைப் பள்ளியிலும் சொல்லுங்கள்.

நோட்டு இல்லாதவர்கள் அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். பத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்