கொடுமுடி முதல் பழனி வரை வழித்துணையாக நின்றவர்களுக்கு நன்றி

முத்தூர், தாராபுரம் வழிநெடுக உள்ள ஊர்மக்களுக்கும், தோட்டத்துக்காரர்களுக்கும், இரவுக் காவலில் நின்ற காவலர்களுக்கும், மருத்துவ முகாம் செவிலியர்களுக்கும் எங்கள் வணக்கம்.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குக் கொண்டுபோகும் வழி 80 கிலோமீட்டருக்கும் மேல். தைப்பூச நடைக்குப் பனிக்காலத்துக் குளிர்ச்சி கொஞ்சம் மிச்சமிருக்கும். பங்குனியில் அது கிடையாது. பத்து மணிக்கெல்லாம் தார்ச்சாலை பாதத்தைப் பொசுக்கும். கைக்குழந்தையும் தாத்தா பாட்டியுமாகக் குடும்பம் குடும்பமாக வரும் கூட்டம் அந்தச் சூட்டைத் தாண்டி மலையேறியதென்றால், நீங்கள் நேரமும் பக்குவமும் அறிந்து செய்த உதவிதான் காரணம்.

முதலில் நீர்மோர்ப் பந்தல்காரர்கள். பத்து லிட்டர் தயிருக்கு நாற்பது லிட்டர் தண்ணீர், 200 கிராம் உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, மல்லித்தழை, பெருங்காயம். பச்சைமிளகாயைக் கை அடக்கிப் போட்டிருந்தீர்கள். அதிகாலையிலிருந்து வெறும் வயிற்றோடு நடப்பவர்களுக்குக் காரம் ஏறினால் நெஞ்சு எரியும். அடுத்த பந்தலில் மோரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உப்பு வீட்டு மோரைவிட ஒரு பிடி தூக்கலாக இருந்ததும் சரி, வியர்வையில் போவது உப்புதானே. காலையிலேயே மொத்தத்தையும் கரைத்து வைத்தால் பதினோரு மணிக்குப் புளித்துவிடும் என்பதால், தயிரை ஈரச் சாக்கு சுற்றி நிழலில் வைத்துப் பானை பானையாகக் கரைத்தீர்கள். ஐஸ் கட்டியை மோருக்குள் போடாமல், ஈர மணலில் மண்பானையைப் புதைத்துக் குளிரவைத்தீர்கள். ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்ததென்று யாருக்கும் தெரியாது. கூட்டத்தோடு நடக்கையில் ஒருவருக்கு வயிறு கெட்டால் அந்தக் குடும்பமே நின்றுவிடும்.

சோறு போட்டவர்களும் அதே கவனத்தோடு செய்தார்கள். ஒரு கிலோ அரிசிச் சோற்றைக் குழைய மசித்து ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பால் இரண்டு லிட்டரும் ஒரு கரண்டித் தயிரும் மட்டும் சேர்த்துப் பிசைந்தால் நடுப்பகலில்தான் அது பதமான தயிர்சாதமாகும். முழுக்கத் தயிரிலேயே பிசைந்தது அந்த நேரத்துக்குள் கடுத்துப்போகும்.

தோட்டத்துச் சாளைகளின் (தோட்ட வீடுகளின்) கதவைத் திறந்துவிட்ட அம்மாக்களுக்கு எப்படி நன்றி சொல்வது! நடையில் பெண்கள் படும் பெரிய பாடு கழிப்பறைதான். அதற்குப் பயந்தே பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மதியத்துக்குள் தலைசுற்றல், நீர்க்கடுப்பு. வாளியும் சோப்பும் வைத்து, இருட்டு வழியில் ஒரு குண்டு பல்பும் மாட்டி, "கூச்சப்படாம வாங்க கண்ணு" என்று கூப்பிட்டீர்களே, அதனால்தான் எங்கள் பெண்கள் வயிறாரத் தண்ணீர் குடித்தார்கள். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, களத்துமேட்டில் படுக்கப் பாய் விரித்துத் தந்தீர்கள். காவடியை வெறுந்தரையில் வைக்கும் வழக்கமில்லை என்பதால் கேட்காமலேயே பலகையும் கொண்டுவந்தீர்கள்.

செவிலியர்களே, உங்கள் வேலை பெரும்பாலும் கொப்புளத்தோடுதான். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் தோல் பொதுபொதுத்துக் கொப்புளம் கிளம்பும். சின்னதைத் தொடாமல் துணி வைத்துக் கட்டினீர்கள். பெரிதாக வலித்தவற்றை மட்டும் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் விட்டீர்கள். அதை உரித்தால் சீழ் பிடிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாதத்தைத் தனியாகப் பார்த்து, சிலரை வண்டியில் ஏறச் சொன்னது கசப்பாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்களில் பலருக்குக் காலில் வலி தெரியாது, புண் ஆழமான பிறகுதான் தெரியும். ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவாமல், முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வைத்ததற்கும் நன்றி.

இங்கே தண்ணீர் தெளித்த அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சாலையைக் குளிரவைக்க லாரியில் தெளிப்பது பெரிய உபகாரம். பாதத்தில் நேராக ஊற்றும்போது மட்டும், பக்கத்தில் நாலு பழைய துண்டு போட்டு வையுங்கள். துடைத்துக் காயவைத்து நடந்தால் கொப்புளம் குறையும்.

காவலர்கள் பை, காவடி, குழந்தையின் முதுகு என்று எதையும் விடாமல் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடக்க வைத்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பும் கூட்டத்துக்குப் பின்னால் வரும் லாரி தெரியாது. ஓட்டுநருக்கும் தூக்கக் கலக்கம். வரிசையின் கடைசி ஆளிடம் சிவப்பு விளக்கு கொடுத்த யோசனை எல்லாக் குழுவுக்கும் வேண்டியது. குழந்தைகளின் கையில் அப்பாவின் கைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிட்டதும் அப்படித்தான்.

சண்முக நதியில் வழுக்குப் பாறையோரம் கயிறு பிடித்து நின்ற இளைஞர்களுக்கும், முழங்கால் வலிக்காரர்களைப் படியில் விடாமல், சரிவாக ஏறும் யானைப்பாதைக்குத் திருப்பிவிட்டவர்களுக்கும், எச்சில் இலைகளை மாடு தின்னும் முன் அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கும் எங்கள் கும்பிடு.

இரவல் வாங்கிய அண்டா, பாய், பலகை எல்லாம் கழுவிக் காயவைத்தாயிற்று. இந்த வாரத்துக்குள் அவரவர் வீட்டுக்கு வந்துசேரும். கூடவே விபூதியும் பஞ்சாமிர்தமும் வரும். ஈரக் கரண்டி படாமல் எடுத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

அன்புடன்,
தீர்த்தக் காவடிக் குழுவினர்