லிஃப்ட் வந்துவிட்டது, தரைதான் இல்லை

தோட்டத்து உறவுகளுக்கும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் பொது வேலைத்தலத்துக்கு ஒரு வாகன லிஃப்ட் கிடைத்திருக்கிறது. இரண்டு தூண் லிஃப்ட், நான்கு டன் தூக்கும். கொழும்புப் பக்கம் கராஜை மூடிவிட்டு வெளிநாடு போன ஒருவர் சும்மாவே கொடுத்தார். கழற்றுகிற வேலையும் லொறிக் கூலியும் மட்டும் நம்முடையது. அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் என்று ஏறி டிக்கோயா தாண்டி நம் திருப்பம் வரைக்கும் லொறி ஒழுங்காக வந்தது. அதற்கப்புறம் ஏறவில்லை. அம்மன் கோவில் தேர் வடத்தை வாங்கிக் கட்டி, பதினான்கு பேர் சேர்ந்து தூண்களை இழுத்தோம். (பூசகர் முதலில் தயங்கினார். "தேர் இழுக்கிறதும் நீங்கதானே, எடுத்துட்டுப் போங்க" என்று பிறகு விட்டுவிட்டார்.) அதில் ஐந்து பேர் அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்தவர்கள்.

இப்போது இரண்டு தூணும் நம் வேலைத்தலமான பழைய உர ஸ்டோருக்குள் தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருக்கின்றன. "எப்ப நிறுத்தப் போறீங்க?" என்று கேட்காத ஆளில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம்.

தூண் நிற்க வேண்டிய இடத்தில் தரையைத் துளைத்துப் பார்த்தோம். இரண்டு அங்குலம் கொங்கிரீட், அதற்குக் கீழே செம்மண். உர மூட்டை அடுக்கப் போட்ட தரை அது, அவ்வளவுதான் இருக்கும். இந்த லிஃப்டில் இரண்டு தூணையும் மேலே இணைத்துப் பிடிக்க எதுவும் கிடையாது. வண்டி லிஃப்டின் கைகளில் ஏறியதும் இரண்டு தூணும் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது அடியில் இருக்கும் போல்ட்டுகள் மட்டுமே. போல்ட் எதைப் பிடித்திருக்கிறது? தரையை. ஸ்கூல் வேன் ஒன்றே ஒன்றரை டன்னுக்கு மேல் வரும், அதன் கீழே நம் பையன் நிற்பான்.

"சின்ன வண்டியை மட்டும் ஏத்திப் பார்க்கலாமே" என்று குழுவுக்குள்ளேயே சிலர் சொன்னார்கள். முடியாது என்று முடிவெடுத்துவிட்டோம். போன வருடம் ஒரு குட்டி லொறியின் கியர்பொக்ஸை இறக்கும்போது ஜாக்கி வழுக்கி, முட்டுக்கொடுத்த சவுக்குக் கட்டை இரண்டாகப் பிளந்தது. கீழே படுத்திருந்தவர் ஸ்பேனர் எடுக்க அப்போதுதான் வெளியே ஊர்ந்து வந்திருந்தார். அந்தக் கட்டையின் ஒரு பாதியை இன்னும் மேசை மேல் வைத்திருக்கிறோம். வந்தால் பார்க்கலாம்.

இதுவரை வண்டிக்குக் கீழே இறங்கி வேலை பார்க்கும் குழிதான் நம் வழி. வைகாசி மழை தொடங்கினால் குழிக்குள் தண்ணீர் ஊறும், வாளியால் அள்ளிவிட்டு இறங்க வேண்டும். அட்டைக் கடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வேலையோ குறைவதாக இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வண்டிகளுக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இப்போது வருகிற விலைக்கு நம் ஆட்கள் புது வண்டி எங்கே வாங்குவது? டொல்ஃபின் வேனும் பழைய மாருதியும் டிமோ பட்டா என்கிற குட்டி லொறியும்தான் இந்த மேட்டில் இன்னும் ஏறி இறங்குகின்றன. பிரேக்கும் சஸ்பென்ஷனும் நம் வீதிக்கு எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஓட்டோக்காரர்களுக்கு இதில் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டோவுக்கு லிஃப்ட் வேண்டாம், ஒரு பக்கம் சாய்த்தே வேலை பார்த்துவிடலாம். ஆனால் வேன்கள் லிஃப்டுக்குப் போனால் முன் இடம் முழுக்க ஓட்டோக்களுக்குத்தான்.

திட்டம் இதுதான். பழைய தரையை வெட்டி எடுத்து, 14 அடி நீளம், 8 அடி அகலம், 8 அங்குலக் கனத்தில் இரண்டு அடுக்குக் கம்பி கட்டிப் புதுக் கொங்கிரீட். சீமெந்து 18 மூட்டை போகும் என்று மேசன் பாஸ் கணக்குப் போட்டிருக்கிறார். தைப்பொங்கல் முடிந்ததும் போட்டு, ஈரச் சாக்கு மூடி 28 நாள் விட வேண்டும். நம் குளிரில் கொங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், அவசரப்பட முடியாது. அதற்கப்புறம்தான் துளை. துளைக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் ஊதி எடுத்து, தூக்குக்குண்டு விட்டுத் தூணை நேராக்கி, டோர்க் ஸ்பேனரால் போல்ட் முறுக்குவோம். முதல் நாள் வண்டியை ஓரடிக்கு மேல் தூக்க மாட்டோம். சித்திரைக்குள் வேலை முடிய வேண்டும், விட்டால் மழை வந்துவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். இரண்டு பக்கமும் ஒன்றாக ஏற வைக்கும் கம்பிவடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே போனபோது ஓரிடத்தில் துணி மாட்டிக்கொண்டது. உற்றுப் பார்த்தால் தலைமுடி மாதிரி இரண்டு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. கையால் தடவியிருந்தால் விரலைக் கிழித்திருக்கும். இரண்டு வடத்தையும் மாற்றுகிறோம். எண்ணெய்க் குழாயும் வெடித்திருக்கிறது, அதுவும் புதிது வேண்டும்.

மொத்தச் செலவு 385,000 ரூபாய். தரைக்கு 130,000. மூன்று பேஸ் மின்சாரத்துக்கும் வயரிங்குக்கும் 110,000, லிஃப்டின் மோட்டார் அப்படிப்பட்டது. அதை மாற்றிவிடலாம்தான், ஆனால் நாளைக்கு கொம்பிரஷருக்கும் இதே இணைப்பு உதவும். வடம், குழாய், போல்ட், எண்ணெய் எல்லாம் சேர்த்து 95,000. மிச்சம் 50,000 கூரைக்கு. வேன் மேலே போகும்போது தகரத்தில் முட்டாமல் இருக்க ஒரு குறுக்குச் சட்டத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது, ஒழுகும் தகரத்தையும் அதோடு மாற்றிவிடுவோம்.

கையில் இருப்பது 142,000. அதில் 18,000 ரூபாய் கொழுந்தெடுக்கும் அக்காமார் தங்கள் சீட்டுக் காசிலிருந்து தந்தது. அவர்களில் ஒருவரிடமும் வண்டி கிடையாது. பிள்ளைகள் போகிற வேனும், ராத்திரியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஓட்டோவும் இந்த ஸ்டோரில்தான் பழுது பார்க்கப்படுகின்றன என்றார் ஓர் அக்கா.

இன்னும் வேண்டியது 243,000. ஒரு மூட்டை சீமெந்து என்றாலும் சரி, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். ஐந்நூறு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு உண்டு. பற்றுச்சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும், குழுவில் உள்ளவராகவே இருந்தாலும், கொடுக்காதீர்கள். வரவு செலவை ஒவ்வொரு சம்பளக் கிழமையும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டுவோம். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டில் உள்ளவர்கள் மூலமாகப் பொருளாளரிடம் சேர்த்துவிடலாம். காசு மிஞ்சினால் திருப்பித் தர மாட்டோம், நல்ல ஜாக்கி இரண்டு வாங்குவோம். இப்போதே சொல்லிவிடுகிறோம்.

காசு தர வசதியில்லாதவர்கள் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு ஸ்டோருக்கு வாருங்கள், பழைய தரையை அன்றுதான் உடைக்கிறோம். ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ குழுவின் பொறுப்பு.

இப்படிக்கு,
பொது வேலைத்தல நிர்வாகக் குழு