48 இலக்கமும் ஒரு செல்லப் பெயரும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். இது பாதியில் நிற்கக் கூடாத சமாச்சாரம் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டர் என்னை உள்ளே விடவில்லை. உதவிக்கு இருந்த பையன் வேலையை விட்டுப் போனதும் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். மாற்றியது சரிதான், நோட்டில் குறித்து வைக்கவில்லை. பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஆபீசைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் சுத்தமாக நினைவில்லை. அதில் இருப்பது ஒரே கணக்கு, அதுதான் அட்மினிஸ்ட்ரேட்டர். வேறு பெயரில் உள்ளே போகவும் வழியில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு ஒரு கிரயம். பார்ட்டி திருப்பூரிலிருந்து வருகிறார்கள். வரைவு, செக்குபந்தி என்கிற நான்கெல்லை விவரம், சர்வே எண், தாய்ப்பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். அதோடு நான் கம்ப்யூட்டரில் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து எழுதிய அத்தனை பத்திரங்களின் வரைவும் அதற்குள்தான். இந்த ஊரில் பாதிக் குடும்பங்களின் பாகப்பிரிவினை என் கையால் எழுதியது. அது உனக்குத் தெரியும்.

தப்பான பாஸ்வேர்டைப் போட்டதும் 'மீட்டமை' என்று கீழே ஒன்று வந்தது. அழுத்தினால் மூன்று கேள்வி. 2019 விடுமுறையில் நீ விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தபோது நீயே பதில் எழுதி வைத்த கேள்விகள். முதலில் வளர்த்த பிராணியின் பெயர் என்ன? பிறந்த ஊர் எது? சின்ன வயதில் செல்லப் பெயர் என்ன?

நீ நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் நேரம். எழுப்ப மனம் வரவில்லை. நானே எழுதிப் பார்த்தேன். பிராணி ராஜா, அதில் சந்தேகமே இல்லை. நாய் செத்த அன்று நீ சாப்பிடவில்லை. பிறந்த ஊர் தஞ்சாவூர், ஆனால் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாயோ? ஹெச் போட்டு எழுதினேன், போடாமல் எழுதினேன், பழைய மாதிரி 'டாஞ்சூர்' என்றும் எழுதினேன். செல்லப் பெயருக்கு அம்மா கூப்பிடும் பாப்பாவைப் போட்டேன், ஆச்சி கூப்பிட்ட தங்கத்தைப் போட்டேன், நான் கூப்பிடும் குஞ்சுவையும் போட்டேன். மூன்றும் சேர்ந்து சரியாக இருந்தால்தான் திறக்கும். எது தவறு என்று அது சொல்லவே இல்லை.

பஜாரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஃபார்மேட் போட்டுடலாம் சார்" என்றார். உள்ளே இருப்பதெல்லாம் அழியுமே என்றால், ஆமாம் என்று தலையாட்டினார். அந்த வார்த்தையை இவ்வளவு லேசாகச் சொல்கிறவர்களிடம் யாரும் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பக்கத்துத் தெரு பாலிடெக்னிக் பையன் வந்தான். அவன் முதலில் பாஸ்வேர்டைத் தொடவே இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை அதிலிருந்து கிளப்பினான். ஐந்து நிமிடத்தில் என் ஃபோல்டர்கள் எல்லாம் திரையில் வந்துவிட்டன. பாஸ்வேர்டு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நிம்மதி ஒரு பக்கம், திகைப்பு ஒரு பக்கம். இத்தனை வருஷமாக அந்தப் பாஸ்வேர்டு என் பத்திரங்களைக் காக்கிறது என்றிருந்தேன். அது காத்தது விண்டோஸின் வாசலை மட்டும்தான். டிஸ்க்கை வேறு வழியாக எவன் திறந்தாலும் எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்த பிறகுதான் அவன் அடுத்த வேலைக்குப் போனான்.

"பழைய பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சுத் தர முடியுமா தம்பி?" என்று கேட்டேன். முடியாது என்றான். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்வதில்லையாம். அதிலிருந்து கணக்குப் போட்டு எடுத்த ஓர் அடையாளத்தைத்தான் சாம் என்ற கோப்பில் வைத்திருக்குமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பத்திரத்தில் கைரேகை இருக்கிறது, ஆள் வந்து விரலை வைத்தால் ஒத்துப் பார்க்கலாம், ரேகையை வைத்து ஆளை உண்டாக்க முடியாது. பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் ஆபீசில் மனுப் போட்டு நகல் வாங்கிவிடலாம். பாஸ்வேர்டுக்கு அந்த வசதி கிடையாது. பழையதைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று போடலாம், அவ்வளவுதான்.

அதைத்தான் செய்தான். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து கிளப்பி, ஷிஃப்டும் எஃப் 10-ம் சேர்த்து அழுத்திக் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைக் கொண்டுவந்தான். உள்நுழையும் திரையின் மூலையில் பார்வைக் குறையுள்ளவர்களுக்காக ஒரு சின்னப் படம் இருக்கிறதல்லவா, அதை அழுத்தினால் ஓடும் கோப்பின் இடத்தில் கறுப்புத் திரைக்கான கோப்பை வைத்தான். மறுபடி கிளப்பி அந்தப் படத்தை அழுத்தினால் கறுப்புத் திரை வந்தது. 'நெட் யூசர்' என்று தொடங்கும் ஒரே வரி. புதுப் பாஸ்வேர்டு உட்கார்ந்துவிட்டது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இது பலிக்காது, புதுசுகளில் விண்டோஸோடு வரும் காவல் மென்பொருளான டிஃபெண்டரே தடுத்துவிடும் என்றான். முடிந்ததும் பழைய கோப்பை அதன் இடத்தில் மறக்காமல் வைத்தான். அப்படியே விட்டிருந்தால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தை அழுத்தி உள்ளே போயிருப்பார்கள்.

குரோமில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விட்டன. வலுக்கட்டாயமாக மாற்றினால் அவை பழைய பாஸ்வேர்டோடு பூட்டிக்கொண்டுவிடுமாம். பத்திரப் பதிவு இணையதளத்துக்கு மட்டும் மொபைலில் ஓடிபி வாங்கிப் புதிதாகப் போட்டேன். மறுநாள் பத்தரைக்குக் கிரயம் முடிந்தது.

இனி உன் லேப்டாப்புக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

என்னைக் காப்பாற்றியது அந்தக் கம்ப்யூட்டரின் பழமை. டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தது. உன்னுடையது விண்டோஸ் 11. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும் புது லேப்டாப்புகளில் டிஸ்க்கையே பூட்டித்தான் கொடுக்கிறார்கள் என்று அந்தப் பையன் சொன்னான். பிட்லாக்கர் வகைப் பூட்டு. அதில் உபுண்டு பென் டிரைவைச் செருகினாலும் ஒன்றும் தெரியாது. திருடன் கையில் சிக்கினால் அது நல்லது. ஆனால் கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் அப்டேட் ஆனாலோ மதர்போர்டு மாற்றினாலோ ஒருநாள் அது உன்னிடமே 48 இலக்கச் சாவி கேட்கும். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அது கையில் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் புதிதாக ஒன்று உண்டாக்கித் தர முடியாதாம்.

அந்தச் சாவி உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்க வேண்டும். நீ அந்தக் கணக்கைக் காலேஜ் மெயிலை வைத்துத் தொடங்கினாயே, அதை நினைத்தால்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. படிப்பு முடிந்து எத்தனை வருஷம்! காலேஜ்காரர்கள் அந்த மெயிலை மூடியிருந்தால், கணக்கின் பாஸ்வேர்டு மறந்த அன்று அதை மாற்றுவதற்கான குறியீடு எந்த மெயில் பெட்டிக்கு வரும்? இன்றைக்கே உள்ளே போய் உன் சொந்த மெயிலையும் போன் நம்பரையும் சேர். சாவியைப் பேனாவால் காகிதத்தில் எழுது. லேப்டாப் பையில் வைக்காதே. ஒரு பிரதியைக் கூரியரில் எனக்கு அனுப்பு. வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைக்கிறேன். படங்களையும் வேலைக் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒருமுறை நகலெடு. டிஸ்க் வாங்கப் பணம் வேண்டுமென்றால் போடுகிறேன், கூச்சப்படாதே.

இங்கே நான் இரண்டாவதாக ஓர் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு திறந்துவிட்டேன். அதன் பாஸ்வேர்டு ஒட்டிய கவரில் அம்மாவிடம் இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் பார்ட்டிகளின் வரைவுகளை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டுமே.

ராஜாவும் தஞ்சாவூரும் சரியாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். செல்லப் பெயர்தான் தெரியவில்லை. நாங்கள் கூப்பிட்ட எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன் கண்ணு. என்ன எழுதி வைத்தாய்? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா